என் முதுகின் அளவில் ஒரு பந்தய இருக்கை

அன்பும் அதட்டலும் என்றும் குறையாத அக்காவுக்கு,

உன் தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியமாக இருக்கிறேன். நீ பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரைக் காலையிலும் மாலையிலும் போட்டுக்கொள்கிறேன். இரத்த அழுத்த மாத்திரையும் வேளை தவறாமல் நடக்கிறது. ஒரே ஒரு வேளை தவறிவிட்டது. அப்போது நான் கையைக் கூட அசைக்க முடியாத நிலையில் இருந்தேன். அதைக் கீழே விளக்கியிருக்கிறேன், பதறாதே. நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் படிக்கும்போது அத்தானைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். நடுவில் உனக்குக் கோபம் வந்தால் தண்ணீர் கொண்டுவர ஒரு ஆள் வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய்.

முதலில் உனக்குப் பிடித்த செய்தி. நீ இட்ட வேலை முடிந்துவிட்டது. பாப்பா பந்தயக் கார் ஓட்டப் போவதில்லை. வருகிற வெள்ளிக்கிழமை ரயிலில் நாங்கள் இருவரும் வருகிறோம். அத்தானின் நண்பருடைய லிஃப்ட் கம்பெனியில் நேர்முகத் தேர்வுக்கு அவள் நிச்சயம் வருவாள் என்று சொல்லிவிடு. இத்தோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது, வழிமுறையையும் காட்ட வேண்டும் என்று வேலையில் இருந்த காலமெல்லாம் பிள்ளைகளிடம் சொன்னவன் நான். ஆகவே இனி வழிமுறை.

தொடக்கம் உனக்குத் தெரிந்ததுதான். வரிசையாகச் சொன்னால்தான் எனக்குக் கை ஓடும் என்பதால் எழுதுகிறேன். பாப்பா பல்கலைக்கழகத்தில் மோட்டார் பந்தயப் பொறியியல் படிக்கப் போகிறேன் என்றபோது நாம் இரண்டு பேரும் சம்மதித்தோம். ஏதோ ஒரு குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கார் படம் வரைவாள், அதை வேறு யாரோ ஓட்டுவார்கள் என்று நினைத்தோம். பக்கத்து வீட்டில் நீ "கார் டாக்டருக்குப் படிக்கிறா" என்று சொல்லி வைத்தாய், நானும் மறுக்கவில்லை. போன மாதம் அவள் போன் செய்து, கல்லூரிகளுக்கு நடுவில் ஒரு பந்தயம் நடக்கிறது, காரைச் செய்வதும் மாணவர்கள்தான் ஓட்டுவதும் மாணவர்கள்தான், எங்கள் காரை நான் ஓட்டுகிறேன், பார்க்க ஒரு சின்னப் பந்தயக் குழுவின் ஓனரம்மா வருகிறார், பிடித்துப்போனால் ஒருவரை அடுத்த சீசனுக்கு ஓட்டுநராக எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் எல்லாம் பால்பல் விழாத வயதிலேயே ஓட்டத் தொடங்கியவர்கள், எனக்கு இதை விட்டால் வேறு வாசல் இல்லை என்று மூச்சுவிடாமல் சொன்னாள். நீ என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "வரையறதுன்னா வரை. உள்ள ஏறி உட்காரறதுன்னா வீட்டுக்கு வா" என்றாய். அப்படியே என் பக்கம் திரும்பி, "நீயே போ. வாத்தியாரா இருந்தவன்தானே. நாலு உதாரணம் சொல்லிக் கூட்டிட்டு வா" என்றாய். லிஃப்ட் கம்பெனி யோசனையும் உன்னுடையதுதான். "அதுவும் வண்டிதான். மேல போகும், கீழ வரும். வளைவே கிடையாது" என்றாய். அவள் அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னி, காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுத்து வளர்த்தவள் நீ. உனக்கு அந்த உரிமை உண்டு. அதனால்தான் மறுபேச்சில்லாமல் பெட்டியைத் தூக்கினேன்.

அவளுடைய பட்டறை பல்கலைக்கழகத்தின் பின்பக்கம், இரும்பு ஷட்டர் போட்ட ஒரு கூடம். உள்ளே போனால் எண்ணெய் வாசனையும் காபி வாசனையும் கலந்து அடித்தது. நடுவில் கார். கார் என்றால் அத்தான் கார் மாதிரி நினைத்துக்கொள்ளாதே. கதவு கிடையாது, கூரை கிடையாது, பின் சீட்டு கிடையாது, ஒரு பையை வைக்க இடம் கிடையாது. ஓர் உதாரணம் சொல்கிறேன்: வீடு கட்ட ஆரம்பித்து, அஸ்திவாரம் போட்டதும் கொத்தனார் கோபித்துக்கொண்டு போய்விட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு சாக்ஸ் நீலம், மற்றது சாம்பல். நம் பெண்தான் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

"பாப்பா" என்றேன், நீ சொல்லிக் கொடுத்த குரலில்.

"வந்துட்டீங்களாப்பா? அந்த ஸ்பேனரை எடுங்க. சின்னது" என்றது காரின் அடிப்பகுதி.

எடுத்துக் கொடுத்தேன். அதுதான் நான் செய்த முதல் தவறு. கண்டிக்க வந்தவன் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கக் கூடாது. கொடுத்த பிறகு குரல் பழைய உயரத்துக்கு ஏறவே இல்லை.

இங்கே எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். குழுவின் தலைவனாக இருக்கும் பையனை கேப்டன் என்கிறார்கள். நல்ல ஆகிருதி, ஏறத்தாழ என் அகலம், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறான். இன்னொருவன் பெயர் நுரை. அந்தப் பெயர் ஏன் வந்தது என்பது பின்னால் எனக்கே உடம்பில் விளங்கியது. பாப்பாவுக்கு 'கடைசி பிரேக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிரேக் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. நம் பிள்ளை ஜாக்கிரதையானவள் என்பதை ஊரே ஒப்புக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் கேப்டன் விளக்கினான். வளைவு வந்தால் எல்லோரும் பிரேக் போட்டே ஆக வேண்டும், யார் எல்லோருக்கும் பிறகு போடுகிறாரோ அவர் முந்திவிடுவார், எங்களில் அந்த ஆள் உங்கள் பெண்தான் என்றான். நான் நாற்காலி தேடினேன். பட்டறையில் நாற்காலி இல்லை.

சரி, வந்த வேலையைத் தொடங்குவோம் என்று டீ குடிக்கும்போது அவளை ஒரு ஓரமாக நிறுத்தி முதல் உதாரணத்தை எடுத்தேன். "பாப்பா, ஒரு முட்டையை டிபன் டப்பாவுக்குள்ள போட்டு மூடி, நல்லாக் குலுக்கினா என்ன ஆகும்?"

"டப்பாவை யார் செஞ்சதுன்னு பார்க்கணும்பா" என்றாள். "முட்டைக்கு நாலு பக்கமும் மெத்தை வெச்சு, பெல்ட்டு போட்டு, டப்பா நசுங்கினாலும் உள்ள இருக்கிற பெட்டி நசுங்காத மாதிரி செஞ்சா ஒண்ணும் ஆகாது. நாலு வருஷமா அந்த டப்பாவைத்தான் படிச்சிட்டிருக்கேன்." பக்கத்தில் நின்ற கேப்டன், "அங்கிள், இது ரொம்ப நல்ல உதாரணம். நாளைக்கு நடுவர்கள் எங்களைக் கேள்வி கேக்கும்போது சொல்லிக்கலாமா?" என்று அனுமதி கேட்டான். ஆசிரியனாக இருந்தவன் எப்படி மாட்டேன் என்பது? சொல்லிக்கொள் என்றேன். சொன்னார்களாம். நடுவர்கள் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார்களாம்.

விடுவேனா? அடுத்து வாளி. வகுப்பில் நான் எப்போதும் செய்து காட்டுவேனே, வாளியில் தண்ணீர் நிரப்பிக் கையை வட்டமாகச் சுற்றுவது. "வளைவுல வேகமாப் போறதுன்னா என்னன்னு நினைச்சே? வாளியைச் சுத்தற மாதிரி. வேகமாச் சுத்தற வரைக்கும் ஒரு சொட்டுக் கூடக் கொட்டாது. பயந்து நடுவுல நிறுத்தினாத்தான் தலையில கொட்டும்" என்று கையை ஓங்கிச் சுற்றிக் காட்டினேன். பட்டறையே கைதட்டியது. கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் நான் யார் கட்சிக்குப் பேசினேன் என்பது எனக்கு உறைத்தது.

கடைசியில் உதாரணத்தை எல்லாம் விட்டுவிட்டு, "அத்தை பயப்படறா, பாப்பா" என்றேன். அவள் டீ டம்ளரைக் கையில் உருட்டினாள். "எனக்கு மட்டும் பயம் இல்லைன்னு யார் சொன்னா? பயப்படறவதான் பிரேக்கைச் சரியான இடத்துல போடுவா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "அப்பா, சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் எனக்குக் குடுங்க. ஓனரம்மா என்னை எடுத்துக்கலைன்னா நானே பெட்டியைக் கட்டிடறேன். லிஃப்ட் கம்பெனிக்கு வரேன், மேல போறேன், கீழ வரேன், மறுபேச்சு பேச மாட்டேன். அந்த ஒரு நாளை மட்டும் விட்டுடுங்க" என்றாள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்கே எத்தனையோ கார்கள், எத்தனையோ பிள்ளைகள், எடுப்பது ஒருவரை. தோற்றுவிட்டுத் தானாக வருவதற்கு வாய்ப்பு அதிகம். அழுது புரண்டு இழுத்து வருவதை விட அது மேல். ஆகவே சம்மதித்தேன். என் இடத்தில் நீ இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாய், இல்லை, செய்திருக்க மாட்டாய். மேலே படி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நடந்ததைச் சொல்லும் முன் ஒரு தொழில் ரகசியத்தை உனக்கு விளக்க வேண்டும். பந்தயக் காரில் ஓட்டுநரின் இருக்கை கடையில் வாங்குவதல்ல. ஓட்டுநரைக் காருக்குள் உட்கார வைத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய குப்பைப் பையை விரித்து, அதற்குள் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றுகிறார்கள். ஊற்றியதும் அது பொங்கி, நுரைத்து, உடம்பின் மேடு பள்ளம் எல்லாவற்றிலும் போய் ஒட்டி, இறுகிவிடும். தையற்காரர் அளவெடுத்துச் சட்டை தைப்பது போல என்று வைத்துக்கொள். ஆனால் இந்தத் தையற்காரரிடம் பிரித்துத் தைக்கும் பேச்சே கிடையாது. வளைவில் உடம்பு கொஞ்சம் கூட ஆடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பழைய இருக்கை விரிசல் விட்டுவிட்டதால் பாப்பாவுக்கு அன்று புதிதாக ஊற்ற வேண்டும். இருந்த திரவம் ஒருவருக்குத்தான் போதும்.

பாப்பா தலைக்கவசத்தைச் சோதனைக்குக் காட்டப் போயிருந்தாள். நான் நின்று நின்று கால் கடுத்துப் போய், "இங்க எங்கயாவது உட்கார முடியுமா, தம்பி?" என்று பொதுவாகக் கேட்டேன். எதையோ முடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண், "கார்ல உட்காருங்க அங்கிள், அது ஒண்ணுதான் இருக்கு" என்றாள். எனக்கும் உள்ளூர ஒரு திட்டம் இருந்தது. உள்ளே உட்கார்ந்து பார்த்தால் நாலு குறையாவது கண்ணில் படும், அதை வைத்து ராத்திரி ஒரு புதிய உதாரணம் தயாரிக்கலாம் என்பதுதான் திட்டம். ஏறினேன். ஏறினேன் என்பதை விட இறங்கினேன் என்பது சரி; நம் கிணற்றில் வாளி இறங்குவது போல ஒவ்வொரு பாகமாக இறங்கினேன். அங்கே ஒரு விதி, காரில் உட்கார்ந்தால் தலைக்கவசம் போட்டே ஆக வேண்டும். விதி என்றால் நான் எப்படி என்பது உனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்த ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

அப்போது நுரை வந்தான். இரண்டு கையிலும் இரண்டு டப்பா, காதில் பாட்டு. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் காரில் ஒரு தலைக்கவசம் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். குப்பைப் பையை என் முதுகுக்குப் பின்னால் செருகினான். எண்ணெய்க் கறை படாமல் இருக்கத்தான் செய்கிறான், எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று நினைத்தேன். "அசையக் கூடாது. மூச்சு மட்டும் விடலாம்" என்றான். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளிடம் நான் சொன்ன வாக்கியத்தை முதன்முதலாக ஒருவன் என்னிடம் சொல்கிறான். முன்மாதிரியாக இருப்போம் என்று அசையாமல் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் முதுகில் இதமான ஒரு சூடு பரவியது. அடடா, குளிருக்கு இருக்கையைச் சூடாக்கும் வசதி கூட வைத்திருக்கிறார்களே என்று பாப்பாவின் படிப்பைப் பற்றி முதல்முறையாகப் பெருமைப்பட்டேன், அக்கா. சூடு இடுப்புக்கு வந்தது. அப்புறம் விலாவுக்கு வந்தது. அக்குளுக்கு வந்தபோதுதான் வசதி கொஞ்சம் அதிகமாகிறதோ என்று பட்டது. மாத்திரை நேரம் வந்தது, போனது. கையை எடுக்கப் பார்த்தேன், கை காருக்குச் சொந்தமாகியிருந்தது.

பாப்பா உள்ளே வந்தாள். கையில் அவளுடைய தலைக்கவசம். காரில் இன்னொன்று. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நுரை, யாருக்கு ஊத்தினே?"

"உனக்குத்தான்" என்றான் நுரை, அவளைப் பார்த்துக்கொண்டே. பாதிச் சொல்லில் அவன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

நான் தலைக்கவசத்தின் கண்ணாடியைத் திறக்கச் சொல்லி, "நான்தாம்மா" என்றேன்.

என்னை வெளியே எடுக்க அந்தப் பட்டறையே சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. போத்தலிலிருந்து தக்கையைப் பிடுங்கும்போது ஒரு சத்தம் வருமே, அதே சத்தத்தோடு வந்தேன். உள்ளே பார்த்தால் என் உருவம். கரும்பலகையில் எழுதி எழுதி எனக்கு இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும் என்று நீ சொல்வாயே, நான் மறுப்பேனே. நீ சொன்னதுதான் சரி, அதற்கு அச்சு இருக்கிறது. பின் பாக்கெட்டில் இருந்த மூக்குக் கண்ணாடிக் கூடு கூட அப்படியே பதிந்திருந்தது. பாப்பா அதில் உட்கார்ந்தாள். பெரிய அண்டாவில் ஒரே ஒரு கரண்டியைப் போட்டது போல இருந்தது. கேப்டன் காரைப் பக்கவாட்டில் அசைத்தான். அவள் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய் வந்தாள். திரவம் விற்கும் கடை சாத்தியாகிவிட்டது. அடுத்த நாள் பந்தயம்.

கேப்டன் தயங்கித் தயங்கி, "நான் உட்கார்ந்து பார்க்கறேன்" என்று இறங்கினான். அக்கா, அவனுக்கு அது தைத்து வைத்தது போலப் பொருந்தியது. மூக்குக் கண்ணாடிக் கூடு ஒன்றுதான் குறை. "நான் ஓட்டறேன். கார் ஓடாம இருக்கக் கூடாது இல்ல" என்றான், பாப்பாவின் முகத்தைப் பார்க்காமல். அவன் சொன்னது நியாயம். பாப்பாவும், "ஆமா, நீயே ஓட்டு" என்றாள். சொல்லிவிட்டு ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்டீயரிங்கைத் துடைக்க ஆரம்பித்தாள்.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பார். நீ இட்ட வேலை முடிந்துவிட்டது. ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, சும்மா உட்கார்ந்தே சாதித்துவிட்டேன். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "அதெல்லாம் முடியாது. பாப்பாதான் ஓட்டணும்." யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். ஒரு நாள் தருவதாக வாக்குக் கொடுத்தவன் நான். அந்த நாளின் மேல் நானே போய் உட்கார்ந்துவிட்டேன். கரும்பலகைக்குப் பதில் ஷட்டரில் சாக்கட்டியால் படம் போட்டு விளக்கினேன்: "இது ஒரு சின்னக் கழித்தல் கணக்குதான். என் உடம்பில இருந்து பாப்பாவோட உடம்பைக் கழிங்க. மிச்சம் எவ்வளவோ, அதை நிரப்பினாப் போதும்." நிரப்ப என்ன இருக்கிறது என்று தேடினார்கள். துண்டு, சாக்கு, நீ பின்னிய ஸ்வெட்டர் எல்லாம் வைத்துப் பார்த்தோம். துணி நழுவும், சோதனை அதிகாரி விட மாட்டார், கெட்டியான ஏதாவது வேண்டும் என்றான் கேப்டன். அப்போது எனக்கு என் லாட்ஜ் அறையில் இருந்த மெத்தை ஞாபகம் வந்தது. கல் மாதிரி இருக்கிறது என்று வந்த நாளிலிருந்து குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். கல் மாதிரி இருப்பதுதான் இப்போது வேண்டும்.

ஆம், அக்கா. வெட்டினேன். நடுப்பகுதியைத்தான் வெட்டினேன், ஓரத்தில் படுத்துக்கொள்ளலாம் என்று. லாட்ஜ் மேனேஜரிடம் போய் நானே உண்மையைச் சொன்னேன், வேறு மெத்தை வாங்கித் தருவதாகவும் சொன்னேன். அவர் அறைக்கு வந்து ஓட்டையைக் குனிந்து பார்த்தார். "சார், என் சர்வீஸ்ல துண்டை எடுத்துட்டுப் போவாங்க, பல்பைக் கழட்டிட்டுப் போவாங்க. மெத்தையோட வயித்தை மட்டும் எடுத்துட்டுப் போனவர் நீங்கதான்" என்றார். அதில் கோபத்தை விட மரியாதைதான் அதிகம் இருந்தது என்று எனக்குப் பட்டது. மாலை முழுவதும் உட்கார்ந்து துண்டு துண்டாக வெட்டி, ஒட்டி, பிளாஸ்திரி போட்டு இறுக்கினோம். மறுநாள் காலை சோதனை அதிகாரி வந்து பிடித்து இழுத்துப் பார்த்தார், உலுக்கிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "என்ன இது, லாட்ஜ் வாசனை வருது?" என்றவர், கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பந்தயத்தில் எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். மைதானத்தின் ஓரச் சுவரில் நின்றுகொண்டு, நம் கார் ஒவ்வொரு சுற்றும் கடக்கும்போது ஒரு வெள்ளைப் பலகையில் செய்தி எழுதிக் காட்ட வேண்டும். சின்னப் பந்தயம் என்பதால் காதில் பேசும் ரேடியோ எல்லாம் கிடையாது. ஆளாளுக்கு ஒரு வேலை. நுரைக்குக் கூடத் தீயணைக்கும் சிலிண்டரைக் கொடுத்து நிற்க வைத்துவிட்டார்கள், அதில் வருவதும் நுரைதான் என்பதால் அவனுக்கு அது நன்றாகவே வரும் என்று எல்லோரும் நம்பினார்கள். "அங்கிள் வாத்தியார், கையெழுத்து தெளிவா இருக்கும்" என்று பலகையை என்னிடம் தந்தான் கேப்டன். "மூணாவது வளைவுல மண்ணு கிடக்குது. அதை மட்டும் சொல்லிடுங்க" என்றான்.

கார்கள் கிளம்பின. சத்தத்தைப் பற்றி எழுத மாட்டேன், உனக்குத் தூக்கம் போய்விடும். பாப்பா நடுவில் எங்கேயோ இருந்தாள். நான் பொறுமையாக எழுதினேன்: "அன்புள்ள பாப்பா, மூன்றாவது வளைவில் மண் கிடக்கிறது. உதாரணமாக, எண்ணெய் சிந்திய சமையலறையில்" அதோடு பலகை முடிந்துவிட்டது. காட்டினேன். கடந்து போனாள். அடுத்த சுற்றுக்கு அழித்துவிட்டு எழுதினேன்: "(தொடர்ச்சி) நீ அவசரமாக ஓடினால் என்ன ஆகும்? கால் ஒரு பக்கம் போகும், உடம்பு" மறுபடி இடம் இல்லை. இப்படியே சுற்றுக்கு ஒரு பகுதியாக, நிறுத்தற்குறி தவறாமல், எழுதிக்கொண்டு போனேன். ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பெருமையாக இருந்தது. மற்ற கார்கள் எல்லாம் சுவரைச் சட்டை செய்யாமல் சீறிப் பறந்தன. நம் பெண் மட்டும் என் எதிரில் வரும்போதெல்லாம் மெல்லக் குறைத்து, தலையைத் திருப்பி, மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போனாள். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டினார்கள். மறு சுற்றில் அவள் அவர்களைத் தாண்டி வருவாள், என்னைக் கண்டால் குறைப்பாள், மறுபடி பின்னால் போவாள்.

கேப்டன் ஓடி வந்து பலகையைத் திருப்பிப் பார்த்தான். அவன் மெல்ல உட்கார்ந்துகொண்டான்.

"அங்கிள், இது கட்டுரை இல்ல அங்கிள். அவ படிச்சு முடிக்கறதுக்காக நிக்கறா."

"பாதியில விட்டா அர்த்தம் மாறிடுமே, தம்பி" என்றேன்.

"ஒரே ஒரு வார்த்தை எழுதுங்க. ஒண்ணே ஒண்ணு."

"எந்த வார்த்தை?"

"எதுவா இருந்தாலும் சரி. ஒண்ணு" என்றான், அழாத குறையாக.

பலகையைத் துடைத்தேன். அக்கா, எனக்குத் தமிழில் தெரிந்த அத்தனை சொற்களும் கண் முன்னால் வரிசை கட்டி நின்றன. ஓனரம்மா எதிர்ப்பக்கம் மடக்கு நாற்காலியில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாப்பா தூரத்தில் வந்துகொண்டிருந்தாள். நீ என்னை அனுப்பியது அவளிடம் 'வா' என்று சொல்வதற்கு. நான் அதைத்தான் எழுத வேண்டும், அதற்கும் ஒரே எழுத்துதான். நான் 'போ' என்று எழுதினேன். பலகை கொள்ளுமளவுக்குப் பெரிதாக எழுதி, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். அவள் பார்த்தாளா இல்லையா என்று தெரியவில்லை. இந்த முறை குறைக்கவே இல்லை. காற்றில் பலகை என் கையிலிருந்து பறந்து போய்விட்டது.

அதன் பிறகு நடந்ததை நான் முழுசாகப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் நீ நிம்மதி அடைவாய். மூடவில்லை. ஒவ்வொருவராக விழுங்கிக்கொண்டு வந்தாள். முதல் கார் எங்கேயோ போய்விட்டது, அது வேறு பந்தயம். இவளுக்கு முன்னால் ஒரு பச்சைக் கார் மட்டும் மிச்சம். கடைசி வளைவு. பச்சைக் கார் பிரேக் போட்டது. இவள் போடவில்லை. நான் சுவரில் என் வலது காலால் பிரேக் போட்டேன். இவள் போடவில்லை. இனி போட்டும் பயனில்லை என்று நான் முடிவு செய்த பிறகு போட்டாள். இரண்டாவதாக வந்தாள், அக்கா. நான் நுரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். சிலிண்டர் வேலை செய்கிறது என்பதும் அப்போது உறுதியாயிற்று.

நாங்கள் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தபோது ஓனரம்மா நாற்காலியை மடக்கிக்கொண்டு வந்தார். "அந்தப் பலகையை எழுதினது யாரு?" என்றார். பட்டறையே என்னைக் காட்டியது. மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "என்ன எழுதினீங்க?" என்றார். முழுவதையும் சொன்னேன், சமையலறை உதாரணம் உட்பட. சிரிக்கவில்லை. "ம்" என்றார், போய்விட்டார். கொஞ்சம் தள்ளி, முதலில் வந்த பையனின் கையைப் பிடித்துக் குலுக்கிப் பேசிக்கொண்டிருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். "ஏம்மா, பலகையைப் பார்க்காமப் போயிருக்கக் கூடாதா?" என்று பாப்பாவைக் கேட்டேன். "கேள்வியை முழுசாப் படிச்சிட்டுத்தான் விடை எழுதணும்னு யாருப்பா சொல்லிக் குடுத்தா?" என்றாள்.

சனிக்கிழமை மாலை போன் அடிக்கவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, காலையிலும் அடிக்கவில்லை. சொன்ன சொல் தவறாமல் பாப்பா பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியும், கைவசம் உதாரணங்கள் இருக்கின்றன. புத்தகங்களை அடுக்கிக்கொண்டே, "அப்பா, லிஃப்ட்டுல பிரேக் எங்க இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

ஆக, உன் விருப்பம் நிறைவேறியது. நான் உன் சொல்லைத் தட்டவில்லை என்பதைக் கவனிக்கவும். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். மாடியில் இருக்கும் செடிகளுக்கு ஊற்றும் தண்ணீரைக் குறைத்துக்கொள், அவை போதும் போதும் என்கின்றன. நானும் பாப்பாவும் உன் காலடியில் வணங்கி உன் ஆசியை வேண்டுகிறோம். நீ நீண்ட காலம் இதே குரலோடு வாழ வேண்டும்.

என்றும் உன் சொல் கேட்கும்,
தம்பி

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டுவிட்டேன், ஒட்டுவதற்குள் போன் வந்தது. ஓனரம்மா. முதலில் வந்த பையனுக்கு ஏற்கெனவே வேறு குழு இருக்கிறதாம், அவனுக்கு வாழ்த்துதான் சொன்னாராம். ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் பார்த்தாராம். "சுவர்கிட்ட வரும்போதெல்லாம் காலை எடுத்திருக்கா. ஒரு பாடத்தை முழுசாப் படிச்சிட்டு, மறுபடி எல்லாரையும் பிடிச்சிருக்கா. படிச்சுக்கிட்டே இந்த வேகம்னா, படிக்காமப் போனா என்ன வேகம் போவா?" என்றார். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை: பந்தயம் நடக்கும்போது நான் எழுதுகோலோடு மைதானத்துக்குள் வரக் கூடாது. எழுத்து மூலம் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

கையெழுத்து நன்றாக வந்துவிட்டதால் மேலே எதையும் அடிக்க மனமில்லை. நீயே இப்படித் திருத்திப் படித்துக்கொள்: "ஓட்டப் போவதில்லை" என்று இருக்கும் இடத்தில் "ஓட்டப் போகிறாள்", "நாங்கள் இருவரும் வருகிறோம்" என்று இருக்கும் இடத்தில் "நான் மட்டும் வருகிறேன்", "உன் சொல் கேட்கும்" என்பதை அப்படியே விட்டுவிடு, பழக்கத்தில் எழுதியது. லிஃப்ட் கம்பெனிக்கு கேப்டனை அனுப்புகிறேன். வேலை தேடுகிறான், மரியாதை தெரிந்த பையன்.

திட்ட வேண்டியதை எல்லாம் வெள்ளிக்கிழமை ஸ்டேஷனிலேயே திட்டி முடித்துவிடு, நின்று கேட்டுக்கொள்கிறேன். முடித்த பிறகு என் போனில் கேப்டன் எடுத்து அனுப்பிய ஒரு வீடியோ இருக்கிறது, அந்தப் பச்சைக் காரும் கடைசி வளைவும். அத்தானுக்குத் தெரிய வேண்டாம் என்றால் இரண்டு பேரும் ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்து பார்க்கலாம். நேற்றிலிருந்து திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், அக்கா. ஒவ்வொரு தடவையும் இந்த முறை முந்த மாட்டாள் என்றே தோன்றுகிறது. ஒவ்வொரு தடவையும் முந்திவிடுகிறாள்.